எட்டாவது கோடு

மலேசியாவில் ஈப்போவுக்குத் தெற்கே பாசிர் தெலோங் என்ற ஊரில், சீனர்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளைக் கழுவிச் சாயம் பூசி, சோறும் கறியும் படைத்துக் கும்பிடும் செங்பெங் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கையில், இடுகாட்டில் புல் வெட்டப் போன தமிழ்ப் பெண்கள், செத்துப் பல வருஷமான பதினேழு சீனர்கள் அவரவர் கல்லறைக்கு வெளியே, அடக்கம் செய்த அன்று உடுத்தியிருந்த அதே உடுப்போடு, காலை வெயிலுக்குக் கையால் நெற்றியை மறைத்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். கண்டவர்கள் யாரும் கூச்சல் போடவில்லை. இடுகாட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் செத்தவர்களிடம் இருக்கும் பயத்தைவிட, வேலை கெட்டுப்போனால் அவர்களை மேய்க்கும் மண்டோர் சந்தனசாமி போடும் சத்தத்தின் மேல்தான் பயம் அதிகம். ஒருத்தி ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள். அவர் பதினேழு பேரையும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, கூட்டத்தின் பின்னால் நின்ற பவுனம்மாளைக் கூப்பிட்டார்.

"நேத்து எழுத்துக்குச் சாயம் அடிச்சது நீதானே?"

அவள்தான். வருஷா வருஷம் கல்லில் வெட்டிய பெயர்களுக்குத் தங்கச் சாயம் பூசும் சீனப் பெயின்டர் இந்த வருஷம் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டார். பள்ளத்தில் சாயத்தை நிரப்ப என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று இடுகாட்டுச் சங்கத்தார் அந்த வேலையை மண்டோர் தலையில் கட்ட, மண்டோர் கை நடுங்காதவளாகப் பார்த்து பவுனம்மாள் தலையில் கட்டினார். சீனத்தில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் வேலை தெரிந்தவள். சில பெயர்களில் நாலு பக்கமும் சுவர் வைத்த பெட்டி போன்ற எழுத்து ஒன்று வருவதைக் கவனித்தாள். பட்டை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஒரு வரிசை முழுக்கப் பெட்டிகளை மட்டும் இழுத்துவிட்டு, பிறகு சின்ன பிரஷ்ஷோடு திரும்பிவந்து உள்ளே இருக்கும் பொடிக் கோடுகளை நிரப்பினால், மாற்றி மாற்றி பிரஷ் கழுவ வேண்டியதில்லை. சுவர் எழுப்பிய பிறகுதானே வீட்டுக்குள் ஆள் குடிபோகிறான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் என்ன தப்பு? நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்போம்.

சங்கத்துச் செயலாளர் லூ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாயத்தின் மேல் சாயம் ஏறியிருக்கும் இடங்களைக் குனிந்து குனிந்து பார்த்தார். அவருக்கும் ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான். சீனப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது என்றார். ஒவ்வோர் எழுத்துக்கும் எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு பின்னால் என்று வரிசை உண்டு. பெட்டி எழுத்தென்றால் இடது சுவர், பிறகு கூரையும் வலது சுவரும் ஒரே இழுப்பு, பிறகு உள்ளே இருக்க வேண்டியதெல்லாம், எல்லாம் உள்ளே போன பிறகுதான் கடைசியில் அடிக்கோடு.

"ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்தணும். நீ கதவைச் சாத்திட்டு ஆளை எழுதியிருக்கே. அதான் பேரு உள்ளே கிடக்கு, ஆளு வெளியே நிக்கிறாங்க."

அவர் மலாயில் சொன்னதை மண்டோர் தமிழில் திருப்பிச் சொன்னபோது பவுனம்மாள் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. சீன இடுகாட்டையும் தமிழர் இடுகாட்டையும் பிரிக்கும் சாக்கடைக்கு அந்தப் பக்கம், எட்டு மாதத்துக்கு முன் அவள் மகன் குகனைப் புதைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மகனின் பெயர் போர்டு எழுதுகிறவன் தமிழில் எழுதிக்கொடுத்த தகரத்தில் இருந்தது. அதற்கு வரிசையும் கிடையாது, கதவும் கிடையாது.

குகன் இருபத்திரண்டு வயதில் செத்தான். போதைக்குப் பசையை மூக்கால் உறிஞ்சும் பழக்கம் அவனுக்கு இருந்தது. வீட்டில் இருந்த பாத்திரமெல்லாம் போய், கடைசியில் அவள் மேலேயும் கை நீண்டது. உள்ளே விடாதே, ரெண்டு நாள் வெளியே கிடந்தால் புத்தி வரும் என்று மண்டோர் முதல் அக்கம்பக்கத்தார் எல்லாரும் சொன்னார்கள். ஒரு புதன்கிழமை மத்தியானம் அவன் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அவன் தட்டினான். கதவத் தொறம்மா, கதவத் தொறம்மா என்று சோறு வடித்து இறக்குகிற நேரம்வரை தட்டினான். பிறகு தட்டவில்லை. புத்தி வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அவன் பின்பக்கம் ரயில் பாதையில் போய்ப் படுத்திருந்தான்.

பதினேழில் பதினாறு பேரின் குடும்பங்கள் அன்று சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தன. அழுகை, கட்டிப்பிடிப்பு, காலில் விழுவது எல்லாம் ஆனபின், கார் கதவைத் திறந்து அவரவர் ஆளை அவரவர் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இரும்புக்கடை வைத்திருந்து பதினோரு வருஷத்துக்கு முன் செத்த கிழவர் முன்சீட்டில் உட்கார்ந்து, மகன் காரை வேகமாக ஓட்டுகிறான் என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனார். ஆனால் வீட்டு வாசலில் இறங்கியதும் ஒருவராலும் படியைத் தாண்ட முடியவில்லை. கால் வரும், உடம்பு வராது. சாவு வீட்டுக்குப் போடுவதுபோல வாசலில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியும் மின்விசிறியும் வைத்து, அவர்களை அங்கேயே உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். கூடாரம் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருப்பதாக நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பூர்த்தி செய்யச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார். அதில் தங்குபவரின் பிறந்த தேதிக்குக் கட்டம் இருந்தது, இறந்த தேதிக்கு இல்லாததால் ஓரத்தில் எழுதிக்கொடுத்தார்கள். நாலு நம்பர் லாட்டரிக்காரர்கள் அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வந்து ஊதுபத்தி கொளுத்தி நம்பர் கேட்டார்கள், செத்தவர்களும் முகம் கோணாமல் சொன்னார்கள், ஒன்றுகூட விழாததால் இரண்டாம் வாரம் அந்தக் கூட்டம் கலைந்தது. ஒரு வீட்டில் செத்துப்போன மனைவிக்கு, அவள் புருஷன் பிறகு கட்டிக்கொண்டவள் தினமும் டீ கொண்டுவந்து வைத்தாள், இருவரும் சேர்ந்து அவனைப் பற்றிப் பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள், அவன்தான் பின்வாசல் வழியாக வேலைக்குப் போய்வந்தான்.

செங்பெங் நாள் வந்தது. அந்தப் பதினாறு குடும்பங்களும் இடுகாட்டுக்குப் போகாமல் தங்கள் வாசலிலேயே படைத்துக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அலுப்பு தட்டியது. செத்தவர்கள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, உள்ளே வர முடியாது, வெளியே இருக்கவும் பிடிக்காது. காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்டார்கள், உள்ளே யார் பேசுகிறது, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று. பிள்ளைகளுக்கு அன்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். அன்பு இருந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு ஒருவன் தன் வீட்டுக் கதவைச் சாத்தும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாத்துவான்? மழைக்காலம் தொடங்கியதும் கார்கள் ஒவ்வொன்றாக இடுகாட்டுக்குத் திரும்பிவந்தன. இரும்புக்கடைக் கிழவரை இறக்கிவிட்ட மகன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அவர்களைத் திரும்ப உள்ளே போடுவதென்றால், சாயத்தைத் தின்னர் ஊற்றிச் சுரண்டிவிட்டுச் சரியான வரிசையில் மறுபடி எழுத வேண்டும். சீனர் ஒருவரும் பிரஷ்ஷைத் தொட முன்வரவில்லை. செத்தவரை உள்ளே வைத்துக் கதவடைப்பவனுக்கு ஆகாது என்றார்கள். கண் சரியாகிவிட்ட பெயின்டர்கூடத் தனக்குக் கண் தெரியவில்லை என்றார். தப்பாகச் சாத்தின கைதான் சரியாகச் சாத்த வேண்டும் என்று லூ முடிவு சொல்லிவிட, பவுனம்மாள் நாற்பத்தேழு வயதில் சீன எழுத்துப் பழக வேண்டியதாயிற்று.

சொல்லிக்கொடுத்தது யுவென். பதினேழு பேரில் அவள் ஒருத்தியைத்தான் கூட்டிப்போக யாரும் வரவில்லை. பாலர் பள்ளியில் டீச்சராக இருந்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் டெங்கிக் காய்ச்சலில் செத்தவள். அப்பா அம்மா பினாங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஒருமுறை அழுதது போதும் என்று லூவிடம் கேட்டுக்கொண்டு, இடுகாட்டுத் தண்ணீர்க் குழாய்க் கொட்டகையிலேயே தங்கிவிட்டாள். அவளும் பவுனம்மாளும் பேசிக்கொண்டது சந்தை மலாயில். அதை நான் தமிழாக்கிச் சொல்கிறேன். யுவென் அவளை, மலாயில் அக்காவுக்குச் சொல்வதுபோல, கக்கா என்று கூப்பிட்டாள். ஊரில் எல்லாத் தமிழரும் சின்ன வயதுச் சீனப் பெண்களைக் கூப்பிடுவதுபோல பவுனம்மாள் இவளை அமோய் என்றாள்.

கொட்டகையின் சிமென்ட் தரையில் பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு எழுதினார்கள்.

"தப்பாப் போட்டாலும் காஞ்சிடும் கக்கா. பயப்படாமப் போடுங்க. மேலேயிருந்து கீழ. இடதுலேருந்து வலது. குறுக்குக் கோடு முதல்ல, நெட்டுக் கோடு அப்புறம்."

மற்றதெல்லாம் இரண்டு நாளில் வந்துவிட்டது. பெட்டி மட்டும் வரவில்லை. இடது சுவர் போட்டு, கூரையை வளைத்து வலது சுவரை இறக்கியதும், அவள் கை நிற்காமல் அடிக்கோட்டையும் இழுத்துவிடும். யுவென் பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, நில்லுங்க, இன்னும் ஆள் வரலே, நில்லுங்க என்பாள். கை நிற்காது. மூன்றாம் நாள் இருபதாவது தடவையும் அப்படியே ஆனபோது பவுனம்மாள் பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுவிட்டாள்.

"எங் கை அப்படித்தான் அமோய். ஆளு வர்றதுக்கு முன்னாடி சாத்துற கை இது."

அப்போதுதான் குகனைப் பற்றி யுவெனிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். அவன் தட்டியபோது பயத்தில் மட்டும் அவள் திறக்காமல் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் வெளியேயும் தான் உள்ளேயும் இருப்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. யுவென் தரை காயும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி பிரஷ்ஷை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பதினாறு பேரும் உள்ளே போனார்கள். சவப்பெட்டியைக் குழியில் இறக்கி மூடும்போது திரும்பி நிற்கும் வழக்கப்படி, குடும்பத்தார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பவுனம்மாள் மட்டும் பார்த்தாள். அடிக்கோடு வலது மூலையைத் தொடும்போது நாற்காலி காலியாக இருக்கும். சத்தமோ புகையோ எதுவும் இல்லை. இரும்புக்கடைக் கிழவர் போகுமுன் பிரஷ்ஷை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி என்று அவளைக் கண்டித்துவிட்டுத்தான் போனார்.

யுவென் மட்டும் பாக்கி இருந்தாள். அவள் பெயருக்கு முன் பவுனம்மாள் தன் காரியத்தை எடுத்தாள்.

"எம்மவன் பேரச் சீனத்துல எழுதிக்குடு அமோய்."

"வேணாம் கக்கா."

"ஒரு தடவ. அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அவன வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சோறு போடணும், அவ்வளவுதான்."

"வெளிய இருக்கிறது சுகமா இல்ல. நா இருக்கேன், எனக்குத் தெரியும். வேணாம்."

மூன்று நாள் பவுனம்மாள் கொட்டகை வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் யுவென், முழுப் பெயர் வேண்டாம், முதல் எழுத்துப் போதும், சீனப் பிள்ளைகளை ஒற்றை எழுத்தில் கூப்பிடுவது உண்டு என்று சொல்லி, 'கு' என்று ஒலிக்கும் ஓர் எழுத்தைத் தரையில் எழுதினாள். பெட்டி எழுத்து. எட்டுக் கோடு. உறுதி என்று அர்த்தமாம். பவுனம்மாள் அதைச் சரியான வரிசையில் நூறு தடவை எழுதிப் பழகிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் சாக்கடையைத் தாண்டிப் போய், மகனின் சிமென்ட் மேட்டில் வேண்டுமென்றே தப்பாக எழுதினாள். இப்போது கைக்குத் தப்பாக எழுத வரவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அடிக்கோட்டை முதலில் போட வேண்டியிருந்தது.

குகன் எழுந்து சட்டையில் இருந்த மண்ணைத் தட்டினான். அவள், அய்யா, அய்யா என்று அவன் கன்னத்தைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நேராக வீட்டை நோக்கி நடந்தான். அவள் முன்னால் ஓடிப்போய்க் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைத்தாள். அவன் வாசலில் வந்து நின்று, கையை உயர்த்தி, திறந்திருந்த வெற்றிடத்தில் தட்டினான். பலகையில் தட்டும் சத்தம் கேட்டது.

"கதவத் தொறம்மா."

"தொறந்துதான்யா இருக்கு. வாய்யா உள்ள."

"கதவத் தொறம்மா."

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். இடுகாட்டு வேலையாட்களின் ஆறு பலகை வீடுகளும் ஒரே வரிசையில் ஒட்டி இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. இரண்டாம் நாள் மண்டோர் சந்தனசாமி கடப்பாரையோடு வந்தார். கதவைக் கீலோடு பெயர்த்துத் தூக்கிப்போட்டார். சத்தம் நிற்கவில்லை. நிலையைப் பெயர்த்தார். நிற்கவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு ஆண்கள் வந்தார்கள், முன்சுவர்ப் பலகைகளைக் கழற்றினார்கள், பெண்கள் அடுப்பையும் சாமி படத்தையும் தூக்கி வெளியே வைத்தார்கள், பின்சுவர் போனது, கூரைத் தகரம் ஒவ்வொன்றாக இறங்கியது, ஐந்தாம் நாள் பவுனம்மாளின் வீடு இருந்த இடத்தில் சிமென்ட் தரை மட்டும் இருந்தது. அதன் விளிம்பில் நின்று அவள் மகன் தட்டினான். பலகைகளை அடுக்கிவிட்டு மண்டோர் குந்தி உட்கார்ந்து, "நாந்தான்டா சொன்னேன், உங்கம்மா இல்ல, நாந்தான் சொன்னேன்" என்று அவனிடம் அழுதார். அவன் அவரையும் பார்க்கவில்லை.

ஊர் பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்யும்? பெண்கள் அந்தத் தட்டலுக்கு ஏற்றாற்போல் துணி துவைத்தார்கள். கைக்குழந்தைகள் அதைக் கேட்டுத் தூங்கின. நாய்கள் குரைப்பதை விட்டன. பவுனம்மாளுக்குத்தான் பழகவில்லை. அவள் தரையில் அவன் எதிரே உட்கார்ந்து, சொல்ல நினைத்த அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், அவனுக்குக் கேட்கவில்லை, நடுவில் கதவு இருந்தது. பதினோராம் நாள் அவன் கையைக் கவனித்தாள். செத்தவர்களுக்கு ரத்தம் வராது. விரல் மூட்டுகள் தேய்ந்து, நடுவிரலில் பாதிதான் மிச்சம் இருந்தது.

கொட்டகைக்கு ஓடினாள். அவள் வாய் திறக்குமுன் யுவென் பேசினாள்.

"நீங்க எந்த வீட்டையும் பிரிச்சிருக்க வேணாம் கக்கா. அவன் வீட்ட நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. அதோட கதவத்தான் தட்டுறான்."

"அதச் சரியா எழுதிட்டா அப்புறம் அவன் இல்லையே."

"இல்லதான்."

யுவென் எழுந்து தன் கல்லறைக்கு முன்னால் போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். முதலில் என்னை உள்ளே போடுங்கள், கை பழகட்டும் என்றாள். பதின்மூன்று கோட்டையும் அவளே எண்ணினாள். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு, "நல்லா எழுதுறீங்க கக்கா" என்றாள். பதின்மூன்றை எண்ண ஆள் இல்லை. திரும்பி நிற்கவும் யாரும் இல்லை. பவுனம்மாள் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு, சாய டப்பாவை எடுத்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினாள்.

தப்பான எழுத்தைச் சுரண்டி முடித்ததும் தூரத்தில் தட்டல் நின்றது. குகன் நடந்து வந்து மேட்டின் பக்கத்தில் நின்றான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடது சுவரைப் போட்டாள். கூரையை வளைத்து வலது சுவரை இறக்கினாள். கை தானாக அடிக்கோட்டுக்குப் போகப் பார்த்தது. நில்லு, இன்னும் ஆள் வரலே என்று சத்தமாகச் சொல்லி அதை நிறுத்தினாள். மூன்றாவது கோடு. நாலு. ஐந்து. ஆறு. ஏழாவது கோட்டைப் போட்டபோது பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

முதல் தூறல் விழுந்தது. சாயம் காயுமுன் எட்டாவதைப் போட்டாக வேண்டும். அவள் பிரஷ்ஷைப் பிடித்தபடி இருந்தாள். திறந்தே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது.

"ஏம்மா கதவச் சாத்துன?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"பயமா இருந்துச்சுய்யா. ஒன்னப் பாத்துப் பயந்தேன். தப்புதான்யா."

இப்போது நடுவில் கதவு இல்லை, அவள் சொன்னது அவனுக்குக் கேட்டது.

"சரி," என்றான். "இப்பச் சாத்தும்மா. சாரல் உள்ள அடிக்குது."

"நல்லா உள்ள போயிட்டியாய்யா?"

"போயிட்டேன்."

"காலெல்லாம் உள்ளதான இருக்கு?"

"உள்ளதாம்மா இருக்கேன். சாத்து."

அவள் இடது மூலையில் பிரஷ்ஷை அழுத்தி வைத்து, நடுங்காமல், ஒரே இழுப்பில் வலது மூலைவரை கொண்டுபோய்க் கோட்டை முடித்தாள். அது ஈரம் காயும்வரை இரண்டு கையையும் விரித்து மேலே மழைக்கு மறைத்துப் பிடித்திருந்தாள். பிறகு மழை வலுத்தது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஐந்து வீடுகளிலும் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவளுக்குப் போக வீடு இல்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.